ஐம்பது டிகிரி மீன்

மே மாத மதியத்தில் சிறுவாச்சூர் வீடு ஒன்றின் சமையலறைக் காற்று 38 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும். அடுப்பைப் பற்றவைக்காதபோதே இந்தக் கணக்கு. நார்வே கடலில் கூண்டுக்குள் வளரும் சால்மனுக்கு 8 முதல் 14 டிகிரி வரையிலான தண்ணீர்தான் சுகம். 20 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் திணறல். அப்படிப்பட்ட மீனின் சின்னத் துண்டு ஒன்றை உறைபெட்டியிலிருந்து எடுத்து, மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால், மீனின் கணக்கில் சூடேற்றம் அப்போதே தொடங்கிவிட்டது.

ஒரு மீனை எப்படிச் சமைக்கலாம் என்பதை அது வாழ்ந்த தண்ணீர்தான் பெருமளவு முடிவு செய்கிறது. எத்தனை டிகிரியில் இறுகும், எப்போது அடுக்கடுக்காகப் பிரியும், ஐஸில் எத்தனை நாள் தாங்கும், கொழுப்பு எவ்வளவு சீக்கிரம் காறும் என்பதற்கெல்லாம் அந்தத் தண்ணீரின் வெப்பத்தோடு தொடர்பு உண்டு. நம் வீட்டு மீன் சமையல் முறைகள் வெப்பநீர் மீன்களை வைத்து உருவானவை. குளிர்கடல் மீனை அதே முறையில் போட்டுக் கொதிக்கவிட்டு, ‘இதற்கா இவ்வளவு விலை’ என்று சலித்துக்கொள்பவர்கள் நிறைய. குறை மீனிடமும் இல்லை, சமைப்பவர் கையிலும் இல்லை. டிகிரியில் இருக்கிறது.

சிறுவாச்சூர், பெரம்பலூருக்குச் சற்றுத் தெற்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் இருக்கிறது. திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் மதுரகாளியம்மனால் பெயர் பெற்ற ஊர். மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஏரியில் தண்ணீர் நின்றால் கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை, விரால். கடல் மீன் என்றால் கரையோர ஊர்களிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து இறங்க வேண்டும். சால்மன் வருவது இன்னொரு வழியில்: திருச்சியில் உள்ள பெரிய கடைகளின் உறைபெட்டி வழியாக, அல்லது சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் தின்று பழகி ஊர் திரும்பியவர்களின் ஆசை வழியாக. ஒன்றைக் கவனியுங்கள். பொட்டலத்தில் ‘இந்தியன் சால்மன்’ என்று இருந்தால் அது நம் காலா. அருமையான மீன், ஆனால் சால்மனுக்கு உறவே இல்லாத வெப்பக்கடல் மீன். இங்கே சொல்லப்போகும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

சால்மன் குடும்பத்தின் நிஜமான உறவினர் தமிழ்நாட்டில் வாழ்வது மலைமேல்தான். நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீனைக் குடியேற்ற 1860களில் ஃபிரான்சிஸ் டே முயன்றார், நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஹெச். சி. வில்சன் கொண்டுவந்த வானவில் ட்ரவுட் நிலைத்தது. அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகமும் எழுந்தது. அந்த மீனை மேட்டுப்பாளையத்துக்குக் கீழே இறக்கி வளர்க்க முடியாது. சமவெளித் தண்ணீர் அதைக் கொன்றுவிடும்.

உயிரின் உடம்பில் தண்ணீரின் வெப்பம் பதிந்திருக்கும் என்ற யோசனைக்குப் பெரம்பலூர் மண்ணிலேயே சாட்சி கிடக்கிறது. காரை கிராமத்துக் களிமண் பள்ளங்களில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே நின்ற கடலின் அம்மோனைட்டுகளும் பெலம்னைட்டுகளும் (கணவாயின் அழிந்துபோன உறவினர்கள்) சுறாப் பற்களும் இன்றும் மழைக்கு மழை வெளியே வருகின்றன. ஓட்டில் படியும் சுண்ணாம்பில் கனமான ஆக்சிஜனுக்கும் இலேசான ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம், அது படிந்தபோது இருந்த தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்து மாறும் என்று 1947இல் ஹெரால்ட் யூரே காட்டினார். அதன் பிறகு பெலம்னைட் துண்டுகள் பழங்கடல்களின் வெப்பமானிகள் ஆயின. அவை ஆக்சிஜனில் எழுதி வைத்ததைச் சால்மன் புரதத்தில் எழுதி வைத்திருக்கிறது.

எழுத்து தெளிவாகத் தெரிவது கொலாஜனில். தோலிலும் தசையின் இணைப்புகளிலும் இருக்கும் கயிறு அது; மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட புரதம். முறுக்கு அவிழாமல் இறுக்கிப் பிடிப்பதில் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பெரிய பங்கு. குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீனுக்கு அவ்வளவு இறுக்கம் தேவையில்லை. இறுக்கம் கூடினால் கயிறு விறைத்துவிடும். அதனால் அதன் கொலாஜனில் இந்த அமிலம் குறைவு. கரைசலாகப் பிரித்தெடுத்த, குளிர்கடல் மீனான காட் மீனின் கொலாஜன் 15 டிகிரியிலேயே முறுக்கவிழும். சால்மனுடையது 20 டிகிரியை ஒட்டி. நம் ஏரி ஜிலேபியின் கொலாஜன் 30 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். மாட்டினுடையது 40 டிகிரி வரை. திசுவுக்குள் கட்டுண்டு இருக்கும்போது எல்லாமே இன்னும் இருபது, இருபத்தைந்து டிகிரி கூடுதலாகத் தாங்கும் என்றாலும் வரிசை மாறுவதில்லை: காட் மீனின் தோல் சுமார் 40 டிகிரியில் சுருங்கும், கன்றுக்குட்டித் தோல் சுமார் 65 டிகிரியில்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆட்டுத்தொடைக்கு வருவோம். நாள் முழுக்க உடம்பைச் சுமந்து நின்ற தசை அது. கொலாஜன் தடிப்பாக, நிறைய இருக்கும். அது கூழாகக் கரைய 70, 80 டிகிரியில் மணிக்கணக்கில் வேக வேண்டும், அல்லது குக்கரில் விசில் எண்ண வேண்டும். மீனைத் தண்ணீரே தாங்குகிறது. அதன் தசை குட்டையான நார்களால் ஆன அடுக்குகளாக, இடையிடையே மெல்லிய கொலாஜன் தாள்களோடு இருக்கும். சால்மன் துண்டில் வளைந்து வளைந்து ஓடும் வெள்ளைக் கோடுகள் அந்தத் தாள்கள்தான். தாள் இளகியதும் அடுக்குகள் விலகும். மீன் வெந்துவிட்டதா என்று பார்க்க விரலால் அழுத்தும்போது சதை இதழ் இதழாக நழுவுகிறதே, அது தாள் கரைந்ததற்கான அடையாளம். மீனுக்கு ‘இன்னும் கொஞ்சம் வேகட்டும்’ என்ற பேச்சே கிடையாது. கரைய வேண்டியது கரைந்தாயிற்று. மேற்கொண்டு ஏறும் வெப்பம் எல்லாம் நார்களை வாட்டுவதற்குத்தான்.

அந்த நார்களின் கதை சிறியது. மயோசின், ஆக்டின் என்று இரண்டு முக்கியப் புரதங்கள். குளிர்கடல் மீனின் மயோசின், வெப்பத்துக்கு நம்மூர் மீனுடையதைவிட எளிதில் தளர்ந்துவிடும். சால்மனில் 40 டிகிரியைத் தாண்டும்போதே அது அவிழ்ந்து திரளத் தொடங்கும். ஒளி ஊடுருவிய சதை மங்கும். 50ஐ ஒட்டிய நிலையில் சதை இறுகியும் இருக்கும், ஈரமும் உள்ளே தங்கும். 60ஐ நெருங்கும்போது நார்கள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். 65, 70 என்று போனால் ஆக்டினும் குலைந்து, வாயில் பஞ்சும் மணலுமாகத் தட்டுப்படும் அந்தப் பழக்கமான ‘காய்ந்த மீன்’ தயார்.

என் விருப்பம் 52 டிகிரி. ஆனால் இது உணவுப் பாதுகாப்பு எண் இல்லை. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அறிவுரை நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட வேண்டும் என்கிறது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் சாப்பிடும் தட்டுக்கு அதுதான் கணக்கு. அங்கே ருசியைப் பேசக்கூடாது. வாங்கும்போதும் கவனம் வேண்டும்: பொட்டலத்துக்குள் தனியாக ஐஸ் கட்டிகள் சேர்ந்து கிடந்தால் மீன் வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

50க்கும் 63க்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறது? இதை அடுப்பு இல்லாமலே கணக்குப் போடலாம். திடப்பொருளுக்குள் வெப்பம் பரவும் விதத்துக்கான சமன்பாட்டை 1822இல் ஃபூரியே எழுதி வைத்துவிட்டார். மீன் சதை பெரும்பாலும் தண்ணீர் என்பதால் வெப்பம் அதில் மெதுவாகத்தான் நகரும். 2.5 சென்டிமீட்டர் தடிமன் உள்ள, குளிர்ப்பெட்டியிலிருந்து 5 டிகிரியில் எடுத்த துண்டு ஒன்றின் இருபுறமும் கொதிக்கும் குழம்பின் 100 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுப்பகுதி 50 டிகிரியைத் தொட ஆறரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். 63ஐத் தொட ஒன்பது நிமிடம். அருமையான மீனுக்கும் முழுக்க வெந்த மீனுக்கும் நடுவே இருப்பது இரண்டே நிமிடச் சொச்சம். இந்த நேரத்துக்குள் விளிம்புகள் 80, 90க்குப் போய்விட்டன என்பது வேறு.

இந்தச் சமன்பாட்டில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 150 கிராம் துண்டும் ஒரு கிலோ துண்டும் ஒரே தடிமன் என்றால் ஒரே நேரம்தான். தடிமன் பாதியானால் நேரம் பாதியாகாது, காலாகும். 1.25 சென்டிமீட்டர் துண்டுக்கு நடுப்பகுதி 50ஐத் தொட ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். சின்ன ஃபில்லெட்டின் தொல்லையே இதுதான். வயிற்றுப் பக்கம் மெலிந்து ஒரு சென்டிமீட்டர், முதுகுப் பக்கம் இரண்டரை சென்டிமீட்டர். ஒரே கல்லில் போட்டால் ஒரு பக்கம் பொருக்காகிவிடும், மறுபக்கம் பச்சையாக நிற்கும். மெலிந்த ஓரத்தை அடியில் மடித்துவிட்டால் தடிமன் சமமாகும். இல்லையென்றால் வெட்டித் தனியாக எடுத்துக் கடைசி நிமிடத்தில் போடலாம்.

உருகவைப்பதற்கும் இதே கணக்கு. 38 டிகிரி மேடையில் வைத்தால் வெளிப்பக்கம் வெதுவெதுப்பாகி, நடுவில் ஐஸ் நிற்கும். முந்தின இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோனால், காற்றுப் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் மெல்லிய துண்டு அரை மணியில் இளகும்.

குளிர்கடல் மீனின் கொழுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளர்ப்புச் சால்மனில் 100 கிராமுக்கு 13 கிராம் போலக் கொழுப்பு. ஜிலேபியில் 2 கிராம்கூட இருக்காது. நெய் மார்கழிக் காலையில் உறைந்துவிடுகிறது. சால்மன் உடம்பில் அப்படி ஒரு கொழுப்பு இருந்தால் அந்தக் கடலில் அதன் செல் சவ்வுகளே விறைத்துப் போகும். அதனால் அதனிடம் இருப்பது ஒமேகா-3 போன்ற, குளிரிலும் திரவமாக நிற்கும் கொழுப்பு. இளக்கத்துக்குக் காரணமான அதே இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜன் எளிதில் தாக்கும். உறைபெட்டியிலும் இந்த வேலை நிற்பதில்லை. கொழுப்பு மீனை வீட்டு உறைபெட்டியில் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதில் பயனில்லை. கொழுப்பில்லாத மீன் அதைப்போல இரண்டு மடங்கு தாங்கும்.

ஐஸ் பெட்டியிலும் குளிர்கடல் மீனுக்குப் பாதகம்தான். அதன்மேல் வாழும் பாக்டீரியாக்கள் குளிருக்குப் பழகியவை. ஐஸ் அவற்றை முழுசாக அடக்காது. நம் ஏரிக் கெண்டையின் பாக்டீரியாக்கள் 30 டிகிரித் தண்ணீரில் வளர்ந்தவை என்பதால் ஐஸ் பட்டதும் ஒடுங்கிவிடும். வெப்பநாட்டு மீன் குளிர்நாட்டு மீனைவிட ஐஸில் பொதுவாக அதிக நாள் கெடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று மீன் பதப்படுத்தும் துறையில் சொல்வார்கள். ‘ஐஸ் மீன்’ என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நிறத்தைப் பற்றிய வதந்தி ஒன்று சுற்றுகிறது: வளர்ப்புச் சால்மனுக்குச் சாயம் ஊசி போடுகிறார்கள் என்று. ஊசியெல்லாம் இல்லை. அந்த இளஞ்சிவப்பு, அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி. கடலில் அலையும் சால்மனுக்கு அது கூனிறால் போன்ற உயிர்களிலிருந்து கிடைக்கும். கூண்டுச் சால்மனுக்குத் தீவனத்தில் கலந்து தருகிறார்கள். இறாலிலும் அதே நிறமிதான். அங்கே ஒரு புரதம் அதைக் கட்டிப்போட்டிருப்பதால் பச்சை இறால் சாம்பலும் நீலமுமாகத் தெரிகிறது. சூட்டில் கட்டு அவிழ்ந்ததும் சிவக்கிறது. சால்மனில் நிறத்தை மாற்றும் அப்படிப்பட்ட கட்டு இல்லை. அதனால் வேகும்போது சிவப்பதற்குப் பதில் வெளிறுகிறது: திரண்ட மயோசின் வெளிச்சத்தைச் சிதறடித்து நிறத்தை மறைக்கிறது.

இந்த வெளிறல்தான் வீட்டில் வெப்பமானி இல்லாதவர்களுக்கு வெப்பமானி. இரும்பு தோசைக்கல்லைக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுருசுருவென்று கரைந்தால் இன்னும் காயவில்லை. உருண்டு ஓடினால் அது தன் ஆவியின் மேலேயே மிதக்கிறது. லைடன்ஃப்ராஸ்ட் 1756இல் விவரித்த இந்த விளையாட்டை தோசை சுடும் எல்லோரும் அறிவார்கள். அந்த அளவு காய்ந்ததும் தீயைக் குறைத்து, சிறிது கடலை எண்ணெய் தடவி, துண்டைத் தோல் கீழிருக்கும்படி வைக்க வேண்டும். கல் நன்றாகக் காயாவிட்டால் புரதம் இரும்பைப் பற்றிக்கொண்டு விடாது. வைத்தபின் நோண்டக்கூடாது. தோல் காய்ந்து முறுகியதும் தானே விட்டுக்கொடுக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அடியிலிருந்து ஒரு வெளிறிய கோடு மேலே ஏறிவரும். முக்கால் பங்கு ஏறியதும் திருப்பிப் போட்டு, ஒரு நிமிடம் விட்டு, கல்லிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். அணைத்த கல்லிலேயே விட்டால் இரும்பு தன் வேலையைத் தொடரும். தட்டிலும் வெளிப்பக்கச் சூடு உள்ளே நகர்ந்து, நடுப்பகுதியை மேலும் சில டிகிரி ஏற்றும். 63 வேண்டும் என்பவர்கள் கோடு முழுக்க ஏறியபின் திருப்பலாம்.

சில சமயம் சதையின் இடுக்குகளிலிருந்து தயிர்த் திவலை போல வெள்ளையாக ஏதோ பிதுங்கும். கொழுப்பு என்று நினைத்துத் துடைப்பார்கள். நார்களுக்கு இடையே கரைந்திருந்த புரதம், நார் சுருங்கும்போது பிழியப்பட்டு மேலே வந்து உறைந்தது அது. கெடுதல் இல்லை, தீ அதிகம் என்று சொல்ல வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்புக் கரைத்து, சமைக்கும் முன் துண்டைக் கால் மணி நேரம் அதில் ஊறவைத்து, துணியால் ஈரம் போக ஒற்றி எடுத்தால் இது வெகுவாகக் குறையும். உப்பு, மேல்பரப்பின் நார்களைக் கொஞ்சம் கரைத்து நீரைப் பிடித்து வைக்கிறது.

மசாலா விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மிளகாய்த்தூளும் பூண்டும் அரைத்துத் தடவும் வறுவல் மசாலா, ஈரம் காயும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. மணம் தரும் பொன்னிறம் வரவேண்டுமானால் 140 டிகிரியாவது வேண்டும். மசாலா காய்ந்து முறுகும்போது உள்ளே இருக்கும் மெல்லிய சால்மன் காய்ந்து போயிருக்கும். முள்ளோடு குறுக்காக வெட்டிய கட்லாத் துண்டு இந்த வதையைத் தாங்கும். சால்மனுக்கு மஞ்சளும் மிளகும் போதும்; காரத்தைத் தனியே தொக்காக வைத்துக்கொள்ளலாம். பெரம்பலூர் சின்ன வெங்காயம் கையில் இருக்கும்போது தொக்குக்கு வேறென்ன வேண்டும்.

புளியும் அப்படித்தான். நம் மீன் குழம்பில் புளி தூக்கலாக இருப்பதற்கு ரசாயனக் காரணம் இருக்கிறது. ஏரி மீனின் சேற்று வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின். கெர்பரும் லெஷெவலியேவும் 1965இல் பிரித்தறிந்த பொருள். முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் வாசனையிலும் அதுவே. நீலப்பச்சைப் பாசிகளும் சில மண் பாக்டீரியாக்களும் அதை உண்டாக்குகின்றன. தண்ணீரில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். அமிலம் பட்டால் ஜியோஸ்மின் உருமாறி வாடையற்றதாகிவிடும். கடல் மீனின் கவுச்சிக்குக் காரணமான டிரைமெத்திலமீனையும் புளி உப்பாக மாற்றி, ஆவியாகவிடாமல் அடக்கிவிடும். ஒழுங்காக உறைந்து வந்த கூண்டுச் சால்மனில் இந்த இரண்டுமே மிகக் குறைவு. கெண்டைக்குக் கரைக்கும் புளியில் பாதி போட்டால் போதும்.

குழம்புதான் வேண்டும் என்றால் மீனை விட்டுவிட்டுக் குழம்பை முதலில் முடியுங்கள். கொதித்து வற்றி, நல்லெண்ணெய் மேலே பிரிந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். மண்சட்டி சூட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். கொதி அடங்கியபின்னும் வெகுநேரம் 80 டிகிரிக்கு மேல் நிற்கும். அப்போது துண்டுகளைப் போட்டு மூடினால், இரண்டரை சென்டிமீட்டர் துண்டு பத்து நிமிடத்தில் 50ஐத் தாண்டும், விளிம்பும் அதிகம் வாடாது. 63 வேண்டுபவர்கள் சிறு தீயில் கொதிக்காமல் மேலும் சில நிமிடம் வைக்க வேண்டும். கெண்டைக் குழம்புக்கு மறுநாள் ருசி கூடும். சால்மன் விஷயத்தில் அந்த ஆசை வேண்டாம்: இரண்டாம் முறை சுடவைக்கும்போது நார் உதிரும், காறிய கொழுப்பின் வாடையும் எழும். அன்றைக்கு மீனைத் தின்று தீர்த்துவிட்டு, மறுநாள் இட்லிக்குக் குழம்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.